எண்ணூருக்கு ஓடிய ரோஜா

திருவொற்றியூர்,
6 ஜூலை 2025

அன்புள்ள ஜானட்டுக்கு,

பாலகணேஷ் எழுதுவது. கையால் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ தெரியவில்லை. எழுத்து புரியாவிட்டால் திட்டிக்கொண்டே படி, ஆனால் முழுக்கப் படி.

நேற்று ராயபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், பிறகு சமையல்கட்டுக்குள் போய்க் கதவோரம் நின்றுகொண்டார்கள். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் வேலை முடித்து வந்து, குளித்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் எங்கே போனதோ. "அங்கிள், ஜானட்ட எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டேன். 

"நீ இன்னா வேல பண்ற தம்பி?" என்றார். தெரிந்துகொண்டே கேட்கிறார்.

"சீரியல் லைட் கடை வெச்சிருக்கேன் அங்கிள். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் லைட்டு போடுறோம்."

"போன வருசம் நம்ம கோயில் முகப்புல மாதாவுக்கு ரோஜாப்பூ போட்டானுங்களே, பாத்தியா? முட்டகோசு மாதிரி இருந்திச்சு. பாத்துட்டு எனுக்கு சோறே எறங்கல. எம் பொண்ணு கணக்கு படிச்சவ. அவள கேக்குறவன் கணக்கா ஒரு வேல செஞ்சி காட்டணும். இந்த தபா முகப்பு உன்னுது. எட்டு இதழு ரோஜா. ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசுன்னு இருக்கக் கூடாது. ஆகஸ்ட்டு இருவத்தி நாலு கொடியேத்தம். அன்னிக்கு எரிஞ்சா பேசலாம். இல்லாங்காட்டி அவள கேட்டுகினு இருக்கிற குவைத்து பையன் வூட்டுக்கு சரின்னு சொல்லிடுவேன்."

எழுந்தேன். வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "அதுவரிக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கக் கூடாது. போனு, மெசேஜு, மெயிலு ஒண்ணும் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் இரும்புக் கடையில் குழாய் எடை போட்டுக்கொண்டிருந்தார். "ஏல, மாதா கோயிலுக்கு லைட்டு போட்டா நம்ம முருகன் கோவிச்சுக்கிடவா போறான்? போயி சோலியப் பாரு" என்றார். என் அப்பா சண்முகவேல் நாடகம் போடுவார் என்று பயந்தேன், இப்படி முடித்துவிட்டார்.

விஷயம் இதுதான். எட்டு இதழையும் ஒரே அளவில் வரைய என்னால் ஆகவில்லை. நூல் கட்டிப் பார்த்தேன், தட்டு வைத்துப் பார்த்தேன். நீ ஆராய்ச்சிக்காகக் கணினியில் வளைவு வளைவாக வரைந்து காட்டுவாயே, டெக் என்று ஒரு மென்பொருள், அதில் எனக்கு ஒரு ரோஜா வேண்டும். கோடாக வேண்டாம், புள்ளி புள்ளியாக. தாளை முழு அளவில் அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிடுவேன். புள்ளிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு பல்பு. அதற்கப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது ஜானு. சீக்கிரம் எழுது.

பாலா


கோயம்புத்தூர்,
10 ஜூலை 2025

பாலா,

முதலில் சண்டை. அப்பாவிடம் கேட்கப் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் உன் லைட் ஃபியூஸ் போய்விடுமா? அம்மா போனில் "பாலா வந்து பொண்ணு கேட்டுட்டுப் போறாம்மா" என்று சொன்னபோது நான் விடுதி சாப்பாட்டு வரிசையில் கையில் தட்டோடு நிற்கிறேன். பக்கத்தில் என் அறைத்தோழி மெஹ்னாஸ். இப்போது இந்த விடுதியில் எனக்குப் பெயரே ரோஜா.

இரண்டாவது சண்டை அப்பாவிடம். நான் என்ன பந்தயத்தில் வைக்கிற பொருளா, லைட் எரிந்தால் கொடுப்பதற்கு? அவரிடமே கேட்டேன். "நீ பேசாத, நான் பேசிட்டேன்" என்றார். குவைத்துக்காரனை நான் கட்டமாட்டேன், அது வேறு. ஆனால் அப்பா பக்கத்தில் நிற்காமல் என்னால் கோயில் வாசலில் மாலையோடு நிற்க முடியாது. அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவரும் இல்லை. அதனால் அந்த ரோஜா எரிந்தே ஆக வேண்டும்.

பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பச் சொல்வாய், தெரியும். மாட்டேன். அப்பாவின் பேச்சைக் கொஞ்சம் வளைக்கலாம், ஒடிக்கக் கூடாது. கடிதம் என்றால் கையால் எழுதினதுதான்.

தனித்தாளில் எழுதியிருப்பது மேக்ரோ. பெயரைக் கேட்டு மிரளாதே. ஒரு வேலையை ஒரே ஒரு முறை விளக்கமாகச் சொல்லி அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். அப்புறம் பெயரைச் சொன்னாலே வேலை நடக்கும். இதன் பெயர் 'விளக்கு'. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் கோணத்தை நான்கால் பெருக்கிக் கொசைன் எடுக்கும், மையத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளி வைக்கும், பிறகு கோணத்தை ஒரு பாகை கூட்டும். முழு வட்டம் சுற்றி வந்தால் எட்டு இதழ், எட்டும் ஒரே அளவு. அப்பாவே ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

மென்பொருளை இறக்கிக்கொள். தாளில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அடி. உன் மூளையை உபயோகித்து எதையும் மாற்றாதே.

ஜானட்

பின்குறிப்பு: மொட்டையாகக் கேட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பல தடவை படித்தேன்.


திருவொற்றியூர்,
19 ஜூலை 2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

மெஹ்னாஸ் வாழ்க.

நீ எழுதியதை எழுத்து பிசகாமல் அடித்தேன். என் மூளையைப் பக்கத்து ஸ்டூலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அச்சடித்துப் பார்த்தால் ரோஜா வரவில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

முதல் இதழ் கொஞ்சம் சரிந்தாற்போல் வருகிறது. அடுத்தது இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போகிறது. அதற்கடுத்தது பாதித் தாளைத் தாண்டிவிட்டது. மிச்ச இதழ்கள் தாளிலேயே இல்லை. திருவொற்றியூரில் கிளம்பிய பூ எண்ணூருக்கு ஓடுகிறது. இதைப் பலகையில் போட்டு ஏற்றினால் உன் அப்பா போன வருட முட்டகோசையே தேவலை என்பார்.

மண்ணடியில் பெரிய தாள் அச்சடிக்கிற பிலாலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது ஃபாண்ட் தகராறு பாய், மெஷின ஃபார்மட் அடி" என்றான். அடித்தேன். கடையின் பில் எல்லாம் போனதுதான் மிச்சம், பூ இப்போதும் எண்ணூருக்குத்தான் போகிறது.

கோபித்துக்கொள்ளாமல் கேள். உன் கணக்கில் எங்கேயாவது சின்னதாக, ரொம்பச் சின்னதாக, ஒரு தப்பு இருக்குமோ?

கொடிமரத்துக்கு எதிரே இடம் கொடுத்துவிட்டார்கள். சாரம் கட்டச் சவுக்குக் கம்பு இறக்கியாயிற்று. உன் அப்பா வேலை விட்டு வரும் வழியில் தினம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

பாலா


கோயம்புத்தூர்,
23 ஜூலை 2025

திரு. பாலகணேஷ் அவர்களுக்கு,

என் கணக்கில் தப்பு இல்லை. கொசைன் கொசைன்தான், அது ராயபுரத்துக்கு ஒன்று கோயம்புத்தூருக்கு ஒன்று என்று இல்லை.

அதே மேக்ரோவை இங்கே நான் ஓட்டி அச்சடித்த தாள் உள்ளே இருக்கிறது. எட்டு இதழ், நடுவில் ஒரே மையம். மெஹ்னாஸ் அதைப் பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவுக்கு எம்பிராய்டரி போட வேண்டும் என்று கேட்கிறாள். உங்கள் ஊருக்கு வந்தால் மட்டும் அது ஓடுகிறது என்றால், ஓட்டுகிறவரைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வருடமாக இதையே படிக்கிறேன். என் வழிகாட்டி தப்பு சொன்னாலே நிரூபிக்கச் சொல்வேன். ஏதோ பிலாலிடம் என் ரோஜாவைக் காட்டி ஃபாண்ட் தகராறு என்று சான்றிதழ் வாங்கி வருகிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாமல் கேட்கச் சொன்னீர்கள். கேட்கவில்லை, கோபித்துக்கொண்டேன்.

ஜானட் தாமஸ்


திருவொற்றியூர்,
28 ஜூலை 2025

ஜானட்,

'அவர்களுக்கு' என்று எழுதியதைப் பார்த்து என் அப்பா, யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டதாக நினைத்துவிட்டார்.

உன் தாளில் பூ இருக்கிறது. என் தாளில் ரயில் ஓடுகிறது. நான் பொய் சொல்லவில்லை, நீயும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நடுவில் ஏதோ நடக்கிறது. உன் சண்டையை எல்லாம் கொடியேற்றத்துக்கு அப்புறம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், இப்போது நாள் இல்லை.

நான் அடித்தது திரையில் எப்படித் தெரிகிறதோ, அதையே அச்சடித்து அனுப்புகிறேன். நீ எழுதிய தாளையும் கூட வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தால் நான் இந்தத் தொழிலையே விட்டுவிட்டு அப்பாவோடு குழாய் விற்கப் போகிறேன்.

நேற்று கோயில் வாசலிலேயே ஒரு பலகையில் கண்மதிப்பாக ஒரு பூ போட்டுத் துளையும் போட்டேன். நன்றாக இல்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

பாலா


கோயம்புத்தூர்,
1 ஆகஸ்ட் 2025

என் பாலா,

நூலகத்தில் உட்கார்ந்துதான் உன் கவரைப் பிரித்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்த மறு நொடி சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பு இல்லை. வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மரத்தடியில் நின்றும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் போய்விட்டது.

நீ ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதுதான் வம்பு.

என்னிடம் இருப்பது உள்ளங்கை அகல லெட்டர் பேடு. 'விளக்கு' மேக்ரோ முழுக்க ஒரே நீள வரி. தாளில் இடம் இல்லாததால் மடக்கி மடக்கி அடுத்த வரியில் எழுதினேன். நீ என்ன செய்திருக்கிறாய் என்றால், நான் மடக்கிய இடத்தில் எல்லாம் எண்டர் தட்டியிருக்கிறாய். எழுதியிருக்கிறபடியே அடி என்று நான்தான் சொன்னேன், நீ என் தாளின் அகலத்தையும் சேர்த்து அடித்துவிட்டாய்.

இதில் என்ன என்று கேட்பாய். நாம் எண்டர் தட்டினால் டெக் அதை ஒரு சொல் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். கட்டுரை எழுதும்போது அது நல்லதுதான். மேக்ரோவுக்குள் அப்படி இடைவெளி விழுந்தால், 'விளக்கு' கூப்பிடப்படும் ஒவ்வொரு தடவையும் புள்ளியோடு சேர்ந்து அந்த வெற்றிடமும் தாளில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடுத்த புள்ளியை வலப்பக்கம் தள்ளும். ஒரு விளக்குக்கு அரிசி அளவு தள்ளல். முழுப் பூவுக்கு எவ்வளவு என்று நீயே பார்த்துவிட்டாய்.

மருந்து சுலபம். மேக்ரோவுக்குள் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒட்டினாற்போல் ஒரு % குறி போடு. அந்தக் குறிக்கு அப்புறம் இருப்பதை, எண்டர் உட்பட, டெக் பார்க்காது. வரியும் மடியும், இடைவெளியும் விழாது.

திரு, அவர்களுக்கு என்றெல்லாம் எழுதியதைக் கிழித்துவிடு. அப்பா அந்தக் குவைத்துப் பையனின் போட்டோவை அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாராம். அம்மா அதை மிக்ஸிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

ஜானு


திருவொற்றியூர்,
8 ஆகஸ்ட் 2025

ஜானு,

போச்சு. எல்லாம் போச்சு.

% போட்டேன். பூ வந்தது. சத்தியமாக வந்தது, எட்டு இதழும் நடு மையத்தில் வந்து கூடின. கடையில் தனியாக நின்று கைதட்டினேன். எதிர்க்கடை மாசானம் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏல, ஒத்தையில நின்னு யாருக்குத் தட்டுத?" என்றார். அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

ஒயர் இழுக்கும்போது எந்தத் துளைக்கு அப்புறம் எந்தத் துளை என்று தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அதன் எண்ணை அச்சிடும்படி நானே மேக்ரோவில் ஒன்று சேர்த்தேன். கோணத்தை ஒன்று கூட்டு என்று நீ எழுதிய இடத்துக்கு அடுத்தாற்போல், அந்தக் கோணத்தை அச்சிடு என்று. அதோடு நின்றேனா? இடைவெளிதான் எதிரி என்று நீ சொல்லிவிட்டாய், அதனால் மேக்ரோவுக்குள் கண்ணில் பட்ட இடைவெளியை எல்லாம் தேடித் தேடி எடுத்துவிட்டேன்.

இப்போது தாளில் மொத்தமே மூன்று புள்ளி. எண் ஒன்றுகூட இல்லை. மூன்று பல்பை வைத்து மாதாவுக்கு நான் என்ன செய்ய, ஆட்டோவுக்கு இண்டிகேட்டர்தான் போடலாம். பழையபடி மாற்றலாம் என்றால் எதை எங்கே எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. எண் இல்லாமல் ஒயர் இழுத்தால் நிச்சயம் ஒரு இதழ் எரியாது.

உன் நம்பரைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டைவிரலோடு போராடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும். உன் அப்பாவுக்குத் தெரியவா போகிறது? இரண்டு நாள் பார்ப்பேன், அப்புறம் அடித்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

பாலா


திருவொற்றியூர்,
11 ஆகஸ்ட் 2025

ஜானு,

போன் செய்யவில்லை. பயப்படாதே.

நேற்று சாரம் கட்டும் இடத்துக்கு உன் அப்பா வந்து நின்றார். வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார், போனார். அந்த மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பையிலிருந்து போனை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கடைக்கு வந்து அந்த மூன்று புள்ளித் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல் பழைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடிப் பாகைமானியை வைத்து அளந்தேன்.

முதல் புள்ளி சைபரில். இரண்டாவது பத்தில். மூன்றாவது நூற்றிருபதில். ஒன்று ஒன்றாகக் கூட வேண்டியது ஏன் முதலில் பத்துக் கூடியது, அப்புறம் நூற்றுப்பத்துக் கூடியது? தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். 1, பக்கத்தில் 0. அப்புறம் 1, பக்கத்தில் 10. பிடித்துவிட்டேன் ஜானு. கூட்டு 1 என்பதற்கும் கோணத்தை அச்சிடு என்பதற்கும் நடுவே இருந்த இடைவெளியை நான் எடுத்தேன் இல்லையா, அந்த ஒன்று அடுத்து வந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒன்றும் சைபரும் பத்து. மூன்றாவது புள்ளிக்கு அப்புறம் கோணம் முந்நூற்றறுபதைத் தாண்டிவிட்டது, வட்டம் முடிந்தது என்று நின்றுவிட்டது. அச்சாக வேண்டிய எண்ணையும் கூட்டலிலேயே சாப்பிட்டுவிட்டது.

அந்த ஒரு இடத்தில் மட்டும் இடைவெளியைத் திருப்பி வைத்தேன். பூவும் வந்தது, எண்ணும் வந்தது. அப்புறம் கைதட்டவில்லை. உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதில் நமக்கெல்லாம் ஒரு தத்துவம் இருக்கிறது. வேண்டாத இடைவெளி எது, வேண்டிய இடைவெளி எது என்று...

சரி, நீ முறைப்பது தெரிகிறது.

பாலா


கோயம்புத்தூர்,
12 ஆகஸ்ட் 2025

பாலா,

உன் எட்டாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. போன் செய்யாதே. செய்திருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அவசரமாகச் சொல்கிறேன்: கூட்டு 1 என்பதற்கு அப்புறம் ஒரு இடைவெளி விடு. எண் அங்கே முடிந்தது என்று டெக்குக்குச் சொல்வதற்கு அதுதான் வழி. அந்த இடைவெளி தாளில் இறங்காது, எண்ணை முடித்துவைத்துவிட்டுத் தானும் காணாமல் போய்விடும். மற்ற இடங்களில் நீ எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. மையத்துக்கு ரொம்பப் பக்கத்தில் புள்ளிகள் முட்டிக்கொள்ளும். அங்கே எல்லாவற்றுக்கும் துளை போட்டால் பலகை பிளந்துவிடும். ஒன்றைவிட்டு ஒன்று போடு. அழகு கெடாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சுதந்திர தின விடுமுறை வேறு குறுக்கே வருகிறது. நான் இங்கே உட்கார்ந்து தபால்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். உன் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று யோசித்தேன், சட்டென்று ஞாபகம் வரவில்லை. அழுதுவிட்டேன். மெஹ்னாஸ் உன் பழைய கல்யாண ஆர்டர் வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டுக் காட்டினாள். அதில் நீ யாரையோ ஏணியைப் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறாய். அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜானு


திருவொற்றியூர்,
25 ஆகஸ்ட் 2025

ஜானு,

ரோஜா எரிந்தது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடி ஏறியது, சாமியார் ஜெபம் சொன்னார், சுவிட்சைப் போட்டேன். ஒவ்வொரு இதழாக வட்டம் சுற்றி ஏறி, எட்டாவது இதழ் வந்து முதல் இதழோடு கூடியபோது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது பார், கண்டெய்னர் லாரி டிரைவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்கள். மீன்கூடைக்காரம்மா சிலுவையம்மாள் நடுத்தெருவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மாதாவே, எம்மாம் அயகு" என்று கையெடுத்துக் கும்பிட்டது. என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். உன் அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கள்.

உன் அப்பா சிரிக்கவில்லை.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், ஜெனரேட்டருக்குப் பின்னால் போனார். அந்தச் சத்தத்தில் யாரிடம் பேசுகிறார் என்ன பேசுகிறார் ஒன்றும் கேட்கவில்லை. பேசும்போது ஒரு தடவை தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

எரிந்தால் பேசலாம் என்றுதானே சொன்னார்? எரிந்ததே. இதழில் ஏதாவது குறை கண்டுபிடித்தாரோ? நான்கு தடவை அளந்தேன் ஜானு. குவைத்துக்குத்தான் பேசினார் என்று என் மனசு சொல்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. அப்பா, "ஏல, பூ எரியுது, நீ ஏன் அணைஞ்சு போயிருக்க?" என்கிறார்.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. கெட்ட சேதியாக இருந்தாலும் நீயே எழுது, வேறு யார் வாயாலும் கேட்க வேண்டாம்.

பாலா


கோயம்புத்தூர்,
28 ஆகஸ்ட் 2025

பாலா,

அந்தப் போன் எனக்குத்தான் வந்தது.

இதை உனக்கு இன்றைக்கே சொல்ல முடியாது. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பையன் வூட்டுக்கு ஞாயித்துக்கெயம பூசை முடிச்சிட்டு நானே போறேன். பொண்ண பெத்தவன் முறையா போய்ச் சொல்லணும். அதுக்கு முந்தி நீ வாய தொறந்த, தொலைச்சிடுவேன்." அதனால் இதைச் சனிக்கிழமை மாலை, பெட்டியிலிருந்து தபால் எடுத்த பிறகு, சாதாரணத் தபாலில் போடுகிறேன். திங்களுக்கு முன்னால் உன் கைக்கு வராது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்குத் தெரியாது. மெஹ்னாஸ் என் போனைப் பிடுங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

அப்பா என்ன பேசினார் என்று அப்படியே எழுதுகிறேன்.

"பூவு எரியுதும்மா. ஒரு இதழு கூட கொறை இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். அது கோணலா எரிஞ்சிருந்தாலும் சரின்னு சொல்லலாம்னுதான் வூட்ட வுட்டு கெளம்புனேன். அந்தப் பையன் துளை போட்ட பலகைய தூக்கிப் போட்டுட்டு, மறுக்கா மொதல்லேந்து போட்டத தெனம் பாத்துகினு போறேன். நம்ம கோயிலுக்கு ஒருத்தன் இப்டி மெனக்கெட்டு நான் பாத்ததில்ல. இப்ப நீ சொல்லு. உனுக்கு அவன புடிச்சிகீதா, இல்ல அவன் போட்ட பூவு புடிச்சிகீதா?"

சும்மா 'அவனைத்தான்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு நேர்மையாகக் கேட்கிற மனிதரிடம் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அப்பா, அந்தப் பூவு நான் போட்டது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், மேக்ரோ, நான் மடக்கி எழுதியது, நீ எண்டர் தட்டியது, எண்ணூருக்கு ஓடினது, மூன்று புள்ளி, நீ போன் செய்யாமல் பாகைமானி வைத்து உட்கார்ந்தது. அவர் தலையில் கை வைத்தார் என்று எழுதியிருந்தாயே, மூன்று புள்ளி கதைக்குத்தான் வைத்திருப்பார். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"கணக்கு உன்னுது, கை அவனுது. ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. அதானே?"

"ஆமாப்பா."

"பின்ன நான் பேசறதுக்கு இன்னா கீது? அதான் சேந்துகினீங்களே."

துண்டால் முகத்தைத் துடைத்தது அப்போதுதான். வீட்டுக்குப் போய் மிக்ஸிக்கு அடியில் இருந்த போட்டோவைக் கேட்டு வாங்கிக் கவரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு உன் அம்மாவை நல்ல மீன் வாங்கச் சொல் என்று எழுத நினைத்தேன். பிரயோஜனம் இல்லை. நீ இதைப் படிக்கும்போது அவர் வந்து சாப்பிட்டுவிட்டே போயிருப்பார். அவர் உங்கள் வாசல்படியை விட்டு இறங்கிய உடனே மெஹ்னாஸிடம் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டிருப்பேன். நாம் பேசி முடித்திருப்போம். என்ன பேசினோம் என்று உனக்குத் தெரியும், எனக்கு இன்றைக்குத் தெரியாது. நான் அழுதிருந்தால் யாரிடமும் சொல்லாதே. நீ அழுதிருந்தால் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

உன்
ஜானு